காலெடு டீச்சரின் காரில் கருகல் வாசனை

"கருகல் வாசனை வருதுன்னா கிளட்ச்தான். புது கிளட்ச் போட்ட பிறகும் வருதுன்னா, அதையும் யாரோ கருக்குறாங்கன்னு அர்த்தம். அந்த வண்டியில தினமும் உக்கார்றது யாரு? நீங்கதானே டீச்சர்?"

டிரைவிங் ஸ்கூல் முதலாளி இதைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு, வண்டி பழக வந்து பெஞ்சில் காத்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்டார். பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஒரு ஆள் களுக்கென்று சிரிக்க வேறு செய்தான். டீச்சருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

யாரைப் பார்த்து என்ன கேள்வி கேட்கிறார் இந்த மனிதர்? கிளட்ச் மேல் சும்மா காலை வைத்திருப்பதா? அவளா? அந்த ஊரில் அவளுக்கு இருக்கிற பெயரே காலெடு டீச்சர். கிளட்சில் காலை ஊன்றிக்கொண்டே வண்டி ஓட்டுவது, புதிதாகப் பழகுகிற எல்லாருக்கும் வருகிற வியாதி. முதல் தடவை அவள் மரியாதையாகத்தான் சொல்வாள்: "கிளட்ச்லேருந்து கால எடுங்க." இரண்டாம் தடவை குரல் கொஞ்சம் ஏறும். மூன்றாம் தடவை மரியாதை காற்றில் போய்விடும். "கால எடு!" வக்கீலானாலும் சரி, பால் பாக்கெட் போடுகிறவரானாலும் சரி, அந்தக் காருக்குள் எல்லாருக்கும் ஒரே அதட்டல்தான். அவளிடம் பழகியவர்கள் கடைத்தெருவில் அவளைப் பார்த்தால் வணக்கம் சொல்ல மாட்டார்கள். நின்ற இடத்திலேயே இடது காலைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவளைப் பார்த்து இந்தக் கேள்வி.

"சார், என் பக்கத்துல இருக்கிற கிளட்ச் பெடலை வந்து பாருங்க. வாங்கின அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. நான் தொட்டாத்தானே அது தேயும்?"

பழகுகிற வண்டி என்பதால் அந்தக் காரில் சொல்லிக்கொடுக்கிறவர் உட்காரும் இடதுபக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. வலதுபக்கம் ஓட்டுகிறவர் சொதப்பினால் இடதுபக்கத்திலிருந்து மிதித்து நிறுத்தலாம். ஆத்திர அவசரத்துக்கு மட்டும்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மச்சான் நேத்து அதே வண்டியில கிளாஸ் எடுத்தான். துளி வாசனை வரலை."

மச்சான் என்பது முதலாளி மனைவியின் தம்பி. டிரைவிங் ஸ்கூலில் எல்லாருக்கும் அவன் மச்சான்தான். அவனுக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். மூக்கை உறிஞ்சாமல் ஒரு வாக்கியம் பேசி முடித்ததை யாரும் பார்த்ததில்லை. அந்த மூக்கைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டு வந்து நிறுத்துகிறார் முதலாளி! டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அந்த பம்பர்ல கீறல் விழுந்துச்சு பாருங்க, அன்னைக்கேருந்தே உங்க கவனம் சரியில்ல. நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்றார் முதலாளி. "சனிக்கிழமை வரைக்கும் டைம் தரேன். அதுக்குள்ள வாசனை நிக்கலைன்னா வண்டி மச்சான் கைக்குப் போயிடும். நீங்க பழையபடி உள்ள உக்காந்து போன் எடுங்க."

பழையபடி! அந்த ஒரு வார்த்தைதான் அவளை அறைந்தது.

அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்தது போன் எடுக்கத்தான். ஜன்னல் இல்லாத உள்ளறை, சுவரைப் பார்த்த மேஜை, ஒரு கால் குட்டையான நாற்காலி. யார் கூப்பிட்டாலும் "காலையிலயா சாயங்காலமா?" என்று கேட்டே வருஷங்கள் ஓடின. ஒருநாள் சொல்லிக்கொடுக்கிற ஆள் வராமல் போக, வண்டி பழக வந்த பெண்கள் திரும்பிப் போகக் கிளம்ப, "எனக்கு ஓட்டத் தெரியும், நான் உக்காரவா சார்?" என்று கேட்டுவிட்டு இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தவள் அவள். அன்றைக்கு ஏறியவள் அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. கணவனுக்குப் பயந்து, மாமனாருக்குப் பயந்து, ரோட்டுக்குப் பயந்து வந்த எத்தனை பெண்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நிமிர்ந்து போயிருக்கிறார்கள்! அந்த இடதுபக்க சீட் அவளுக்கு வெறும் சீட் இல்லை. அதைவிட்டுத் திரும்பவும் அந்த ஆடுகிற நாற்காலிக்குப் போவதா?

அப்புறம் அந்த பம்பர் கீறல். அதைப் பற்றிப் பேச இந்த மனிதருக்கு எப்படித்தான் வாய் வருகிறதோ!

போன மழைக்காலத்தில் நடந்தது அது. பழகிக்கொண்டிருந்த ஆள் பள்ளிக்கூடத்துச் சந்து முனையில் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார். சந்திலிருந்து சைக்கிளில் ஒரு சின்னப் பெண் வந்தாள். டீச்சர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்த மிதியில் கார் குலுங்கி நின்றது. சைக்கிளின் முன் சக்கரம் பம்பரை உரசிக்கொண்டு சாய்ந்தது. பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, "ஸாரி ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அந்தக் குழந்தை ஸாரி சொன்னது! டீச்சர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் முதலாளி குனிந்து பம்பரைத் தடவிப் பார்த்தார். அடுத்த கிளாஸுக்கு ஆள் காத்திருந்தது. டீச்சர் போனாள்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. இப்போது இந்த வாசனையை ஒரு கை பார்த்துவிடுவது என்று கிளம்பினாள்.

முதலில் அவளே வண்டியைத் தனியாக எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினாள். பாலம் ஏறி இறங்கினாள். நெரிசலான கடைத்தெருவில் வேண்டுமென்றே நுழைந்து, நகர்ந்து நகர்ந்து நின்றாள். வாசனையே இல்லை. காருக்குள் மாட்டியிருந்த பூ வாசனை அட்டைதான் வாடை அடித்தது. மறுநாள் காலை பல் டாக்டர் பழக வந்தாள். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, கம்மென்று கிளம்பியது கருகல். ஏதோ ரப்பரையும் இரும்பையும் சேர்த்து வாட்டுகிற மாதிரி ஒரு நாற்றம்.

"டீச்சர், நானா?" என்று நடுங்கினாள் பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லி ஊரையே நடுங்க வைக்கிறவள், ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவளே நடுங்குவாள்.

"நீங்க இல்ல டாக்டர். உங்க கால் சுத்தமா இருக்கு. இது எவனோ செஞ்ச வேலை."

எவனோ என்றால் மெக்கானிக்தான். டீச்சர் வண்டியை நேராக ஒர்க்‌ஷாப்புக்கு விடச் சொன்னாள். மெக்கானிக் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, புது கிளட்ச்னு சொல்லி என்னத்த போட்டே?"

"அக்கா, சத்தியமா புதுசு. பிரிக்காத டப்பாவுலேருந்து எடுத்துப் போட்டேன். முதலாளி கிளட்ச்தான்னாரு, கிளட்ச் மாத்தினேன்."

"வேற எதையாவது பாத்தியா?"

"அவரு வேற எதையும் பாக்கச் சொல்லலையே அக்கா."

இதைவிட அழகான பதில் உலகத்தில் உண்டா! வாசனை எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. யார் தலையில் கட்டுவது என்று மட்டும் எல்லாருக்கும் உடனே தெரிந்துவிட்டது. டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டியை மேலே தூக்கச் சொல்லி, அடியில் தானே குனிந்து பார்த்தாள். வயர், ஆயில் கசிவு, ஹேண்ட்பிரேக் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. சைலன்சரின் மேல் உருகி ஒட்டிக் கறுத்துப்போயிருந்த ஒரு பிளாஸ்டிக் பை.

"பாத்தியா? பாத்தியா தம்பி? இதுதான் கிளட்சா?"

மெக்கானிக் சுரண்டி எடுத்துக் கொடுத்த அந்தக் கறுப்புக் கட்டியை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வந்து முதலாளியின் மேஜையில் வைத்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்குச் சிரித்த ஆள் இன்றைக்கும் இருந்தான். அவன் பார்க்கட்டும் என்றே காகிதத்தை நன்றாக விரித்து வைத்தாள்.

"ரோட்டுல கிடந்த பை சார். இதுக்குப்போய் என் கால பேசினீங்க. அதுவும் இத்தனை பேர் முன்னாடி."

முதலாளி அதைப் புரட்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். "சரி டீச்சர், பாப்போம்" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்கிற ஜாதியா அவர்! ஆனாலும் அன்று மாலை டீச்சர் வீட்டுக்கு நடந்த நடையே தனி.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை வரைகூடத் தாங்கவில்லை. பல் டாக்டர் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போனாள். பள்ளிக்கூடத்துச் சந்தைத் தாண்டினார்கள். மூக்கைத் துளைத்துக்கொண்டு வந்தது அதே வாசனை.

"டீச்சர், வண்டி கனமா இருக்கு. யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு" என்றாள் பல் டாக்டர்.

"கியரைப் பாத்து ஓட்டுங்க. வண்டியை யாரு இழுக்கப் போறா?"

பின்னால் வந்த ஸ்கூட்டர்காரன் ஒருவன் ஹாரனை அடித்துக்கொண்டே பக்கத்தில் வந்து ஜன்னலைப் பார்த்துக் கத்தினான். "ஏம்மா, பிரேக் லைட்டு எரிஞ்சுகிட்டே போகுது! நிக்கிறீங்களா, போறீங்களா? ஒண்ணைச் சொல்லுங்க!"

டீச்சர் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரியவில்லை. "புளுகிட்டுப் போறான் பாருங்க" என்று ஸ்கூட்டர் போன திசையைப் பார்த்துக் கரித்துக்கொட்டினாள். எல் போர்டைப் பார்த்தாலே இந்த ஊரில் எல்லாருக்கும் வாய் நீண்டுவிடுகிறது. அதிலும் உள்ளே இரண்டு பெண்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

அன்று மாலை வீட்டில் அவள் பாத்திரங்களை வைத்த சத்தத்திலேயே தையல்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தையல்காரர் அவளுடைய கணவர். முன் அறையில் மோட்டார் மெஷின் போட்டு, பேண்ட் நீளம் குறைப்பது, ஜாக்கெட் பிரித்துத் தைப்பது என்று ஊரின் பழைய துணிகளுக்கெல்லாம் அவர்தான் கதி. பேச்சு குறைவு. வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும் என்பதால் பேசவும் முடியாது.

"சனிக்கிழமையோட என் கதை முடிஞ்சுது" என்றாள் டீச்சர், காய் நறுக்க உட்கார்ந்தபடி. "அந்த மூக்குறிஞ்சிப் பயலைக் கொண்டுபோய் என் சீட்டுல உக்கார வைக்கப் போறாரு. கிளட்ச்சாம் கிளட்ச்! நான் என்னைக்காவது கிளட்ச் மேல கால வச்சிருப்பேனா? நீங்க சொல்லுங்க."

தையல்காரர் குண்டூசியை எடுத்தார். "வைக்க மாட்ட" என்றார். குண்டூசியைத் திரும்ப வாயில் வைத்தார்.

"எனக்கு மூக்கே மரத்துப்போச்சுங்க. எங்கேருந்து வருதுன்னே தெரியலை. உங்களுக்குத்தான் இஸ்திரிப் பெட்டி லேசா சூடு ஏறினாலே தெரியுமே. சனிக்கிழமை காலைல கொஞ்சம் கூட வாங்க. பின்னாடி உக்காந்து முகர்ந்து சொல்லுங்க. முன்பக்கமா, பின்பக்கமா, அடியிலயான்னு மட்டும் சொன்னா போதும், மிச்சத்தை நான் பாத்துக்குறேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் பார்வை கொஞ்சம் கீழே இறங்கி, அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்த நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி இருந்தது. பிறகு தலையை மட்டும் ஆட்டினார்.

சனிக்கிழமை காலை டிரைவிங் ஸ்கூல் வாசலில் மச்சான் வந்து நின்றுகொண்டிருந்தான். தலையைப் படிய வாரி, புதுச் சட்டை போட்டு, வண்டியின் இன்னொரு சாவியை இப்போதே விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தான். முதலாளி வாசல்படியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்துட்டீங்க? அவருக்கும் டிரைவிங் சொல்லிக்குடுக்கப் போறீங்களா?"

"சாட்சிக்கு சார். உங்க மச்சானை மாதிரி இல்ல, இவருக்கு மூக்கு வேலை செய்யும்."

மச்சான் மூக்கை உறிஞ்சினான். பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு அவள் பக்கம் இருந்தது.

பல் டாக்டர் ஸ்டியரிங்கில், டீச்சர் இடதுபக்கத்தில், தையல்காரர் பின்சீட்டின் நடுவில் இரண்டு முழங்கால்களையும் சேர்த்துக்கொண்டு. வண்டி கிளம்பியது. கடைத்தெரு வரை ஒன்றுமில்லை. "முகர்ந்துகிட்டே இருங்க" என்றாள் டீச்சர் திரும்பாமல். அவர் முகர்ந்தார். முன்சீட்டு இரண்டுக்கும் நடுவில் தலையை நீட்டி முகர்ந்தார். கீழே குனிந்து முகர்ந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"வருதா?"

அவர் குனிந்தபடியே இருந்தார்.

"ஏங்க, வருதா இல்லையா? வாயில ஊசிகூட இல்லையே, சொல்றதுக்கு என்ன?"

"லேசா வருது" என்றார் அவர்.

"எங்கேருந்து?"

வண்டி பள்ளிக்கூடத்துத் தெருவுக்குள் திரும்பியது. வாசனை இப்போது நன்றாகவே வந்தது. பல் டாக்டர், "இப்பவும் இழுக்குது டீச்சர்" என்று முனகினாள். சந்து முனை நெருங்கியது. டீச்சருக்கு ஆத்திரம் மூக்குக்கு மேல் ஏறியது. உலகமே சேர்ந்துகொண்டு தன்னை ஏமாற்றுகிற மாதிரி இருந்தது. சாட்சிக்கு என்று கூட்டிக்கொண்டு வந்த மனிதரும் இப்படி ஊமையாகிவிட்டால் அவள் யாரிடம்தான் போவாள்?

"எங்கேருந்து வருதுன்னு கேக்குறேன்ல! நீங்களும் அவங்களோட சேர்ந்துட்டீங்களா?"

தையல்காரர் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

"கால எடு" என்றார்.

பல் டாக்டர் பதறிப்போய்த் தன் இடது காலைத் தூக்கினாள். அது ஏற்கெனவே தரையில்தான் இருந்தது.

"நீங்க இல்லம்மா" என்றார் தையல்காரர். பிறகு மனைவியின் தோளை மெதுவாகத் தொட்டார். "நீ எடு."

டீச்சர் கீழே பார்த்தாள். அவளுடைய இடது கால், கிளட்ச்சுக்குப் பக்கத்தில்கூடப் போகாமல் ஓரமாக, ஒழுங்காக, பாயின் மேல் இருந்தது. வலது கால் பிரேக்கின் மேல் இருந்தது. பெருவிரல் பக்கம் செருப்பு அழுந்தி மடங்கியிருந்தது. பெடல் பாதி விரல் அளவு உள்ளே போயிருந்தது.

அவள் எடுத்தாள். உடனே வண்டி, யாரோ பின்னாலிருந்து பிடித்திருந்த கையை விட்ட மாதிரி, இலேசாக முன்னால் ஓடியது. "ஐயோ, இப்ப நல்லா போகுது!" என்றாள் பல் டாக்டர், பயமும் சந்தோஷமுமாக. சந்து முனையைத் தாண்டினார்கள். அங்கே ஒருவரும் இல்லை. ஒரு நாய் மட்டும் படுத்துக்கிடந்தது. டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் கேட்காமல், அவள் சொல்லாமல், வலது கால் தானாக எழும்பித் திரும்பவும் பெடலின் மேல் போய் உட்கார்ந்தது.

"ஓரங்கட்டுங்க டாக்டர்" என்றாள்.

வண்டி நின்றது. டீச்சர் இரண்டு கைகளாலும் தன் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மோட்டார் மெஷின்லயும் இப்படித்தான்" என்றார் தையல்காரர் சமாதானமாக. "சும்மா கால வச்சிருந்தாலே ஊசி ஓடிடும்."

"எத்தனை நாளா பாத்துட்டு இருக்கீங்க?"

"வண்டியில இன்னைக்குத்தான் பாத்தேன். வீட்டுல மழைக்காலத்துலேருந்து. காய் நறுக்குறப்ப அழுத்துற. டிவி பாக்குறப்ப அழுத்துற. தூக்கத்துல கட்டிலை உதைக்கிற. கால் வலின்னு நினைச்சேன்."

டீச்சருக்குக் கோபம் வந்தது. அவர் மேல் வந்தது, தன் மேல் வந்தது, அந்தக் கால் மேல் வந்தது. அடிப்பாவி காலே, ஊர்க் காலையெல்லாம் எடு எடு என்று அதட்டியவளுக்குத் துரோகம் செய்ய உனக்கு எப்படி மனசு வந்தது! அப்புறம் "ஸாரி ஆன்ட்டி" என்ற குரல் ஞாபகம் வந்தது. பாவாடையைத் தட்டிவிட்ட அந்தச் சின்னக் கை ஞாபகம் வந்தது. அத்தனை மாதமும் அவளுடைய கால் மட்டும் அந்தச் சந்து முனையிலேயே நின்று, அந்தக் குழந்தை மேல் வண்டி ஏறிவிடாமல் மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவளுக்குத்தான் தெரியவில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வண்டிய எடுங்க டாக்டர்" என்றாள். திரும்பி வருகிற வழி முழுக்க வலது காலை சீட்டுக்கு அடியில் மடக்கி, கணுக்காலைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தாள். வாசனை மெல்ல மெல்ல அடங்கிப்போனது.

வாசலில் எல்லாரும் காத்திருந்தார்கள். நடந்ததை மென்று முழுங்கியிருக்கலாம். வாசனை நின்றுவிட்டது, இன்னொரு பை ஒட்டியிருந்தது என்று சொல்லியிருந்தால் முடிந்தது. யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? இத்தனை நாளும் யாராவது பார்த்தார்களா? ஆனால் டீச்சருக்கு அப்படியெல்லாம் சப்பைக்கட்டு கட்ட வராது.

"கண்டுபிடிச்சாச்சு சார். என் கால்தான்."

முதலாளியின் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே! டீ கிளாஸைத் திண்டில் வைத்துவிட்டு, பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா? கிளட்ச் மேல கால வச்சா..."

"நிறுத்துங்க சார்!" டீச்சர் போட்ட போட்டில் மச்சானின் விரலில் சுற்றிய சாவிகூட நின்றது. "நீங்க சொன்னது கிளட்ச். இது பிரேக். கிளட்ச் மேல நான் கால வச்சதில்ல, வைக்கவும் மாட்டேன். அதை நல்லாத் தெரிஞ்சுக்கோங்க. பிரேக் மேல வச்சேன். ஏன் வச்சேன்னு கேளுங்க."

முதலாளி கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"மழைக்காலத்துல ஒரு குழந்தை இந்த வண்டிக்கு முன்னாடி வந்து விழுந்துச்சு. ஒரு விரக்கடை தள்ளியிருந்தா இன்னைக்கு அது இல்ல. நான் மிதிச்சேன், நின்னுச்சு. வண்டியைக் கொண்டுவந்து இதே இடத்துல நிறுத்தினேன். நீங்க என்ன செஞ்சீங்க? பம்பரைத் தடவிப் பாத்தீங்க. என்னை ஒரு வாய்த் தண்ணி குடிக்கச் சொன்னீங்களா? அந்தக் குழந்தைக்கு அடி பட்டுச்சான்னு கேட்டீங்களா? 'அடுத்த ஆளு காத்திருக்கு டீச்சர்'னீங்க. நானும் போனேன். அன்னைக்கு வச்ச கால்தான் சார் இது. இன்னும் எடுக்கலை. எடுக்க வரலை."

பல் டாக்டர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். முதலாளி டீ கிளாஸைத் திரும்ப எடுத்தார். அதில் டீ இல்லை. இருந்தாலும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எனக்குத் தெரியாதே டீச்சர்" என்றார் கடைசியில்.

"கேட்டாத்தானே தெரியும்?" என்றாள் அவள். "இப்ப சொல்றேன். எனக்கு ஒரு வாரம் வேணும். இந்தக் காலை நான் திரும்பப் பழக்கிக்கணும். யாராவது பின்சீட்டுல உக்காந்து, நான் பெடல்ல வச்சா சொல்லணும். அதுக்கப்புறமும் வாசனை வந்தா நானே சாவியைக் குடுத்துட்டுப் போயிடுறேன். உங்க போனை நான் எடுக்க மாட்டேன்."

முதலாளி யோசித்தார். யோசித்துவிட்டு, மச்சானைப் பார்க்காமலே அவன் பக்கம் கையை நீட்டினார். மச்சானுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விரலிலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தான். முதலாளி அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"திங்கக்கிழமை காலைல நானே பின்னாடி உக்கார்றேன்" என்றார்.

"உக்காருங்க. ஆனா தூங்கக் கூடாது."

தண்ணீர் பானைப் பக்கமாகப் போன முதலாளி, ஒரு டம்ளர் மொண்டு கொண்டுவந்து நீட்டினார். மழைக்காலத்துத் தண்ணீர் இப்போதுதான் வருகிறது. வாங்கி முகத்தில் கொட்டிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. பிறகு குடித்தாள்.

வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். பஸ் பள்ளிக்கூடத்துத் தெருவுக்குள் திரும்பியது. சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம் விட்டு, பிள்ளைகள் சைக்கிளும் பையுமாக ரோட்டில் கலந்துகொண்டிருந்தார்கள். அவளுடைய வலது கால் பஸ்ஸின் தகரத் தரையில் அழுந்தத் தொடங்கியது.

தையல்காரர் அதைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"சொல்லிப் பாருங்க, சொல்லித்தான் பாருங்க" என்றாள் டீச்சர். "இது என் வண்டி இல்ல. இதுல எனக்குப் பெடலும் இல்ல. இங்க நான் அழுத்தினா எது கருகப் போகுது?"

அவர் வாயை மூடிக்கொண்டார். சந்து முனையில் பஸ் டிரைவர் தானாகவே வேகத்தைக் குறைத்து நிறுத்தினார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே குறுக்கே போனார்கள். கடைசிச் சைக்கிளும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவள் காலை எடுத்தாள்.